கிணற்று அறிக்கை: பதினான்கு தொகுதிகள்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்கு மட்டும் முழங்கால் வலி. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். அவர் வாசல் வரை நடந்து பேப்பரை எடுத்து வருவதோடு அன்றைய நடையை முடித்துக்கொள்கிறார். உனக்கு அந்த இருமல் விட்டதா? வெந்நீர் குடி என்றால் குடிக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

நூலகப் பையிலேயே இந்தக் கடிதத்தையும் போடுகிறேன். ஒன்பது கல்லூரி நூலகங்களுக்கும் புத்தகமும் நகலும் சுமந்து வாராவாரம் பஸ்ஸில் போகிற பை, குடும்பக் கடிதம் ஒன்று கூடினால் பஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிடாது.

இப்போது வேலை விஷயம். நீர்த்துறை நாற்பது வருஷம் நம் பக்கத்துக் கிணறுகளை மாதாமாதம் அளந்து போட்ட அறிக்கை இருக்கிறதே, பதினான்கு தொகுதி, அதில் எங்கள் நூலகத்தில் பன்னிரண்டுதான். ஆறும் பதினொன்றும் யாரோ வாங்கிப் போய்த் திருப்பித் தராதவை. உங்கள் நூலகத்தில் முழு செட்டும் இருக்கிறதாகக் ஒன்பது நூலகங்களின் கூட்டுப் பட்டியலில் ‘காப்பு’, அதாவது எல்லோருக்கும் பொதுவாக நீங்கள் வைத்துக் காப்பது, என்று குறி போட்டிருக்கிறாய். அந்த இரண்டுக்கும் நகல் அனுப்பு. எங்கள் கல்லூரிப் புவியியல் டீச்சர் தன் முனைவர் பட்டத்துக்கு அதைத்தான் நம்பியிருக்கிறார். துறை அலுவலகத்திலேயே பழசு ஒன்றும் இல்லையாம்.

இன்னொன்று. நீங்கள் ‘காப்பு’ என்று வைத்திருப்பதால் எங்கள் குறைச் செட்டை அகற்ற நூலகக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. அந்த மூலையில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க மேசை போடப் போகிறோம். 28ஆம் தேதி பழைய பேப்பர் லாரி வருகிறது. டீச்சர் முதல் மூன்று தொகுதியைக் கையால் எழுதி முடித்துவிட்டார். நான்தான், “எதுக்கு தூசியில உக்காந்து கஷ்டப்படறீங்க? என் கொழுந்தன் எல்லாத்துக்கும் நகல் அனுப்பிடுவான்” என்று எழுப்பிவிட்டேன். என் வாக்கைக் காப்பாற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி

*

பிப்ரவரி 14
(பையில் போகாதது)

அண்ணி,

சுகம் விசாரிக்கக் கை வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை கீழ்த்தள அறையைத் திறக்கப் போனேன். கதவு உப்பிப் போயிருந்தது. சாவி வைத்திருக்கும் பெரியவரும் நானும் தோளால் தள்ளித்தான் திறந்தோம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மழைத் தண்ணீர் புகுந்த அறை அது. ‘கொஞ்சம் நனைந்தது’ என்று கேள்விப்பட்டிருந்தேன். கிணற்று அறிக்கை பதினான்கும் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கிறது. முதல் தொகுதியைத் தூக்கினேன், அலமாரிப் பெயின்ட்டோடு கடைசித் தொகுதியும் சேர்ந்து வந்தது. ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாது.

கூட்டுப் பட்டியல் தயாரித்தபோது நான் அலமாரிப் பக்கமே போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் வாங்கியபோது பதிந்த பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து அறுநூற்று நாற்பது செட்டுக்கும் ‘காப்பு’ போட்டேன். அதிகக் காப்பு வைத்திருக்கும் நூலகம்தான் மையம், அதற்குத்தான் நகல் மெஷின், அதன் ஆள்தான் ஒருங்கிணைப்பாளர் என்று முடிவாகியிருந்தது. கிணற்று அறிக்கையை எவன் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

லாரியை நிறுத்துங்கள் அண்ணி. உங்கள் குறைச் செட்டுதான் இப்போது ஒரே செட்.

தம்பி

*

பிப்ரவரி 17

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

இங்கு நான் சுகம். இருமல் போய்விட்டது, வெந்நீர் குடிக்காமலேயே. அண்ணனை முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரியவளுக்குப் பரீட்சை நெருங்குகிறதே, நன்றாகப் படிக்கிறாளா?

நீங்கள் கேட்ட இரண்டு தொகுதி விஷயம். நகல் மெஷின் ரிப்பேர். மெக்கானிக் வர வேண்டும். வந்ததும் பார்க்கிறேன்.

ஒரு சின்ன யோசனை. பழைய செட்டை இவ்வளவு அவசரமாக அனுப்பத்தான் வேண்டுமா? இன்னும் ஒரு வருஷம் ஒரு மூலையில் கிடந்தால் என்ன? கட்டாயம் ஒன்றும் இல்லை, சும்மா தோன்றியது. உங்கள் இஷ்டம்.

போன வாரம் எங்கள் தலைமை நூலகர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கூட்டுத் திட்டத்துக்கு உயிர் கொடுத்ததே நான்தானாம். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் தம்பி

*

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். பாராட்டு கேட்டு உன் அண்ணன் பேப்பரை இரண்டு தடவை மடித்து விரித்தார். சந்தோஷம் வந்தால் அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

சும்மா தோன்றியதாம்! ‘ஒரே செட் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை அகற்றி இடத்தைப் பயன்படுத்துக’ என்று விதி எழுதினவனே நீ. கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினாயே. வீட்டில் பழைய செருப்பைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத பரம்பரை உன்னுடையது, அந்த ரத்தம்தான் பேசுகிறது என்று சிரித்துக்கொண்டேன்.

28ஆம் தேதி லாரி வந்தது, போயிற்று. மூலை பளிச்சென்று இருக்கிறது. மேசை வந்தாயிற்று.

டீச்சர் அன்றைக்குக் கூடவே நின்றுகொண்டிருந்தார். கட்டு ஏற்றும்போது நான்காம் தொகுதியைத் தொட்டு, “மேடம், இத மட்டும் நான் வச்சுக்கலாமா?” என்று கேட்டார். “அட்டை கிழிஞ்சத வச்சு என்ன பண்ணப் போறீங்க? சுத்தமா நகல் வரும்” என்று சொல்லி ஏற்றச் சொல்லிவிட்டேன்.

ஆக இப்போது இரண்டு அல்ல, நான்கு முதல் பதினான்கு வரை பதினொன்றுக்கும் நகல் வேண்டும். வேண்டுகோள் சீட்டுகளை இதே பையில் வைத்திருக்கிறேன். மெக்கானிக்கைக் காதைப் பிடித்து இழுத்து வா.

அன்புடன்,
அண்ணி

*

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அனைவரும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வருஷக் கணக்கெடுப்பு வேலை. பெரியவள் பரீட்சை எப்படி எழுதினாள்? அவளுக்கு ஒரு பேனா வைத்திருக்கிறேன், பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் பாருங்கள். அண்ணனுக்கு ஒரு முழங்கால் பட்டையும் இருக்கிறது.

கிணற்று அறிக்கைத் தொகுதிகள் பழசாகித் தாள்கள் கழன்றிருந்தன. அதனால் பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறோம். வந்ததும் நகல் எடுக்கலாம்.

டீச்சர் வேறு ஏதாவது மூலங்களும் பார்க்கலாமே. மழை அளவுப் புள்ளிவிவரம் எங்களிடம் நன்றாக இருக்கிறது. அதை நானே அலமாரியில் கண்ணால் பார்த்தேன்.

தம்பி

*

மே 8

அன்புள்ள தம்பிக்கு,

பேனா கிடைத்தது. பெரியவள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். முழங்கால் பட்டையை உன் அண்ணன் விருந்தாளி வந்தால் மட்டும் மாட்டிக்கொள்கிறார். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் கையெழுத்துதான் ஒரு மாதிரி இருக்கிறது. சரியாகச் சாப்பிடுகிறாயா?

மழை அளவு வேண்டாம் தம்பி. டீச்சர் எழுதுவதே எந்தக் கிணறு எந்த வருஷம் வற்றியது என்பதைத்தான். அதற்கு இந்த அறிக்கை ஒன்றுதான் வழி. எட்டு வருஷமாகத் தற்காலிக வேலையில் இருக்கிறார். பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரம். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு செப்டம்பர் 30. அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். இந்த விடுமுறையில் டீச்சரே பஸ் ஏறி அங்கு வருகிறேன் என்கிறார். பன்னிரண்டு மணி நேரப் பயணம், பரவாயில்லையாம். பைண்டிங் கடையிலேயே ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொள்கிறாராம். உன்னைப் பற்றி நான் அளந்த அளப்பில் உன்னை ஏதோ பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வந்து பார்த்து ஏமாறட்டும்.

20ஆம் தேதி கிளம்பலாமா? உடனே எழுது.

அண்ணி

*

மே 12

அண்ணிக்கு வணக்கம்.

எல்லோரும் சுகம்தானே? டீச்சரை அனுப்ப வேண்டாம். கீழ்த்தளத்தில் மராமத்து நடக்கிறது, வெளியாட்களை விடுவதில்லை. பைண்டிங் கடையும் மிகத் தொலைவு. வீண் அலைச்சல். நானே ஏற்பாடு செய்கிறேன். தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

தம்பி

*

ஜூலை 29

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. எதற்கும் இரண்டு மாதம் எடுப்பவன் மே மாதம் மட்டும் நான்கே நாளில் பதில் போட்டாய். அதற்குப் பிறகு பை பத்து தடவை வந்துபோய்விட்டது. மற்ற எல்லோரும் கேட்டது அதில் இருக்கிறது, உன் எழுத்து மட்டும் இல்லை.

டீச்சர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பை வரும் நேரத்துக்கு வந்து நிற்கிறார். நான் பையைப் பிரிப்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்க்கிறார். “வந்துரும் டீச்சர், அவன் சொன்னா சொன்னதுதான்” என்று சொல்லிச் சொல்லி எனக்கே என் வார்த்தை புளித்துவிட்டது.

நேற்று உங்கள் ஊர்ப் பெண்கள் கல்லூரி நூலகர் இங்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் உங்கள் ஊர் பைண்டிங் கடையைப் பற்றிக் கேட்டேன். அது மூடி இரண்டு வருஷம் ஆகிறதாம். உங்கள் நூலகமே இப்போது எதையும் பைண்டிங்குக்குக் கொடுப்பதில்லையாம்.

உன்னைப் பதினாறு வயசிலிருந்து எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு உன்னைப் படிக்கச் சொன்னதும் நான்தான். என்னிடம் எதை மறைக்கிறாய்?

அண்ணி

*

ஆகஸ்ட் 5

அண்ணி,

சுகமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

இதோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள். அதன் தேதியைப் பாருங்கள். பிப்ரவரி 14.

படித்துவிட்டீர்களா? லாரி வருவதற்குப் பதினான்கு நாள் இருந்தது. அந்தக் கடிதத்தை இரண்டு தடவை பையில் போட்டேன், இரண்டு தடவையும் எடுத்துவிட்டேன். இரண்டாவது தடவை போட்ட அன்றுதான் தலைமை நூலகர் என்னைப் பாராட்டினார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பையின் ஞாபகமாகவே இருந்தது. கூட்டம் முடிந்ததும் ஓடிப்போய் எடுத்துவிட்டேன். பதிலுக்கு ‘சும்மா தோன்றியது’ என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியை நீங்கள் எப்படியாவது புரிந்துகொண்டு லாரியை நிறுத்திவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் சொல்லாமல் இருக்க வேண்டும், ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டும். இப்படியும் ஒரு கோழைத்தனம்.

மெஷின் ரிப்பேர் பொய். பைண்டிங் பொய். மராமத்து பொய். மார்ச்சில் உங்கள் கடிதம் படித்த பிறகு, டீச்சர் அந்த நான்காம் தொகுதியைத் தொட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அதற்குப் பிறகு எனக்கு உண்மையை எழுத வரவே இல்லை.

என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். எழுதுங்கள், போதும்.

தம்பி

*

ஆகஸ்ட் 26

அனுப்புநர்: நூலகர், கலைக் கல்லூரி.
பெறுநர்: ஒருங்கிணைப்பாளர், கூட்டு நூலகத் திட்டம்.

ஐயா,

தங்கள் நூலகத்தில் ‘காப்பு’ எனக் குறிக்கப்பட்ட அறுநூற்று நாற்பது செட்களில் எவை அலமாரியில் உண்மையில் உள்ளன என்பதை நேரில் சரிபார்த்து எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை தங்கள் குறியை நம்பி எந்த நூலகமும் எதையும் அகற்றாதிருக்க அறிவிப்பு அனுப்பவும் வேண்டுகிறேன்.

நூலகர்

*

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் ‘ஐயா’ என்று எழுதியதைப் பார்த்தேன். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அண்ணனும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா?

பதினோரு நாள் அலமாரி அலமாரியாகத் தொட்டுப் பார்த்தேன். அறுநூற்று நாற்பதில் எண்பத்து மூன்று இல்லை. நடந்ததை அப்படியே எழுதி, என் பெயரில், எல்லா நூலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். விடச் சொன்னார்கள் என்பதுதான் சரி.

அந்தச் சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு விவசாயக் கல்லூரி நூலகர் மாடிப்படிக்கு அடியில் தேடியிருக்கிறார். பட்டியலில் அவர்கள் குறிக்காமலே விட்ட இரண்டு தொகுதி கிடைத்திருக்கிறது. ஏழும் பன்னிரண்டும். இந்தப் பையில் வருகின்றன. நகல் அல்ல, அசலே. மூன்று வாரம் மிச்சம் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

நான் அங்கு வந்து டீச்சரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். நீங்கள் வரச் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்புவேன்.

தம்பி

*

அக்டோபர் 10

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சாப்பிடறானான்னு கேளு” என்றார். அதனால் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

நீ நினைப்பது மாதிரி உன் மேல் இருந்த கோபத்தில் மட்டும் நான் எழுதாமல் இருக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று உன்னைக் கிழிகிழி என்று கிழித்து நான்கு பக்கம் எழுதினேன். மடிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் நூலகம் போட்ட ‘காப்பு’ இருநூற்றுப் பன்னிரண்டு. அதை நான் எப்படிப் போட்டேன்? நானும் நாற்காலியில் உட்கார்ந்துதான் போட்டேன் தம்பி. பட்டியல் அனுப்பக் கடைசி நாள், வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். நம் அலமாரி நமக்குத் தெரியாதா என்ற திமிர். போய்ப் பார்த்தேன். பத்தொன்பது இல்லை. அதில் ஒன்று பழைய பள்ளிப் பாடப் புத்தகங்களின் செட். என் குறியை நம்பிப் பெண்கள் கல்லூரியில் அதை எடைக்குப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. பைண்டிங் கடை விஷயம் சொன்னாரே, அதே நூலகர்தான். அவரிடம் சொல்ல எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்த நான்கு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். உனக்கு ‘தம்பி’ என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் ‘ஐயா’.

டீச்சரிடமும் நான் உடனே சொல்லவில்லை. உன் கடிதம் வந்த பிறகும் ஐந்து வெள்ளிக்கிழமை, “இன்னும் வரல” என்றுதான் சொன்னேன். உன்னைத் திட்ட என்ன யோக்கியதை எனக்கு, சொல்.

இரண்டு தொகுதியும் வந்த அன்று சொன்னேன். லாரி, உன் பிப்ரவரிக் கடிதம், என் ஐந்து வாரம், எல்லாவற்றையும். அவர் அழவில்லை. நீ வந்து மன்னிப்புக் கேட்க விரும்புகிறாய் என்பதையும் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவரு வர வேணாம் மேடம். புத்தகம் நனைஞ்சதுக்கு அவரு என்ன பண்ணுவாரு? பிப்ரவரியில ஒரே ஒரு வரி எழுதியிருந்தா, லாரி வர்றதுக்குள்ள ராப்பகலா அந்த அலமாரி முன்னால உக்காந்து அங்க மிச்சம் இருந்த ஒன்பதையும் கையால எழுதியிருப்பேன். அதுகூட வேணாம், மார்ச்சுல சொல்லியிருந்தாக்கூட தலைப்ப மாத்தியிருப்பேன். ஏழு மாசம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து நின்னேனே மேடம்.”

செப்டம்பர் 30 போய்விட்டது. கையில் இருந்த ஐந்து தொகுதியை வைத்து எழுத முடியாது என்று அவருடைய வழிகாட்டி சொல்லிவிட்டார். நிரந்தர வேலை போன திங்கட்கிழமை வேறு ஒருவருக்குப் போயிற்று. டீச்சர் பழையபடி தற்காலிகத்தில்தான் இருக்கிறார். நூலகத்துக்கு வருகிறார், வணக்கம் சொல்கிறார், மூலையில் போட்ட அந்தப் புது மேசையில் மட்டும் உட்காருவதில்லை.

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம், பாவம், ஏற்கனவே நொந்துபோயிருக்கிறான் என்று இரண்டு நாள் நினைத்தேன். பிறகு எழுதிவிட்டேன்.

அண்ணி